தூங்குமூஞ்சி மரத்தின் பின்பக்கம்

கவிதா இந்த மாதத்தில் நான்கு முறை போன் செய்துவிட்டாள். என்னிடம் படித்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு சமுதாயக் கல்லூரியில் என் வேலைக்கு வந்திருப்பவள். எங்கள் நிலத்தோட்ட மேலாண்மைப் படிப்புக்குப் புதுப் பெயர் வைத்து, ஒரு வருடத்தை ஆறு மாதமாகச் சுருக்கி, அதைக் கொண்டாட ஒரு மலரும் போடப்போகிறார்களாம். அதில் நான் எழுத வேண்டுமாம்.

"நல்லதா எழுதுங்க மேடம். பசங்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கணும்."

"ஆறு மாசம்னா எப்போ ஆரம்பிக்குது, எப்போ முடியுது?"

"ஜனவரி டு ஜூன் மேடம்."

"அப்போ மழையே பார்க்காம சர்டிபிகேட் வாங்கிக்கினு போயிடுவாங்களா?"

அவள் பேச்சை மாற்றிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பாடத்திட்டம் போட்டவர்கள் வேறு யாரோ. ஐப்பசி மழையில் தண்ணீர் எந்த மூலையில் வந்து தேங்குகிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்காதவர் நிலத்தைப் பற்றி என்னத்தைப் படித்தார் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்க எனக்கு இப்போது அதிகாரம் இல்லை. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நல்லதாக எழுத வராது.

என் பெயர் எஸ்தர். அப்பாவும் அம்மாவும் வாலாஜாபாத் பக்கம் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தேன். ஏனாத்தூர் போகும் வழியில் ஒரு நாற்றுப் பண்ணையில் பாலிதீன் பையில் மண் நிரப்பும் வேலை. முப்பத்து மூன்று வயதில், சர்ச் வாசலில் ஒட்டியிருந்த இந்தப் படிப்பின் நோட்டீசைப் பார்த்தேன். பத்தாவது பாஸ் செய்திருந்தால் போதும், வயது வரம்பு இல்லை என்று போட்டிருந்தது. வீட்டில் சொன்னதும் என் கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நமக்கு ஒரு சென்ட் நிலம் கெடயாது. அண்ணி நிலத்த மேனேஜ் பண்ணப் போறாங்களாம்பா!"

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "புல்லு வெட்றதுக்குக்கூடவா படிப்பு?" என்று மட்டும் கேட்டார். அடுத்த இருபத்தைந்து வருடங்களில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எண்ணவில்லை. கல்லூரி முதல்வர் கேட்டார், பட்டுக்கடை முதலாளி கேட்டார், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். ஒவ்வொருவரும் தாம்தான் முதன்முதலில் யோசித்ததைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

எங்கள் வகுப்பில் பதினாறு பேர். தறியை விட்டுவிட்டு வந்த பாபு, ஆட்டோ ஓட்டிய இரண்டு பேர், காலேஜைப் பாதியில் நிறுத்தியவர்கள், என்னைப் போல இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவரும் பெண்கள். எல்லோரும் முதல் நாளே ரோஜாப் பதியன் போடக் கற்றுத்தருவார்கள் என்று நம்பி வந்திருந்தோம்.

ஒருங்கிணைப்பாளர் வேதாசலம் சார் எங்களை கேன்டீனுக்குப் பின்னால் இருந்த கட்டாந்தரைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். கையில் ஆளுக்கொரு பேப்பர். யார் எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று சாயங்காலம்வரை கோடு போடச் சொன்னார். மறுநாளும் அதே இடம். பாபு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"செடி பேரெல்லாம் எப்போ சார் சொல்லிக் குடுப்பீங்க?"

"பேரு எங்க ஓடிப் போவப் போவுது? இன்னொரு வாட்டி பாருங்க."

அதுதான் வேதாசலம் சார். வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, மெதுவான குரல். திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இன்னொரு வாட்டி பாருங்க" என்பார். எங்கே தப்பு என்று சொல்லமாட்டார். சில சமயம் தப்பே இருக்காது. அதையும் இரண்டாவது தடவை பார்த்துவிட்டு வந்த பிறகுதான் தெரிந்துகொள்வோம். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

நில மட்டம் பார்க்க அவர் கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப் வைத்திருந்தார். அதில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். இரண்டு முனைகளையும் அடி அங்குலம் குறித்த இரண்டு கம்புகளில் கட்டி, ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே நிற்போம். தண்ணீர் ஆடி ஆடி அடங்கும்வரை மூச்சு விடாமல் காத்திருந்து, இரண்டு பக்க அளவையும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். வித்தியாசம்தான் சரிவு. கேன்டீனுக்குப் பின்னால் இருந்த அந்தத் தரையை மட்டும் நாங்கள் மூன்று முறை அளந்தோம். மூன்றாவது முறை பாபு, "பாவு ஓட்டும்போதுகூட எங்கப்பா இவ்ளோ வாட்டி சரிபார்க்கமாட்டாரு" என்று என் காதில் முணுமுணுத்தான். அந்த மழைக்காலத்தில் தண்ணீர் நாங்கள் குறித்த கோட்டில்தான் ஓடியது. அதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மூன்று முறை அதிகம்தான்.

வருட முடிவில் சார் என்னைச் செய்முறைப் பயிற்றுநராக வைத்துக்கொண்டார். நடுவில் நடந்ததை எல்லாம் விட்டுவிடுகிறேன். பட்டுக்கடை வாசலில் நாங்கள் போட்ட புல்தரையில் திறப்பு விழா அன்றே கார் நிறுத்தினார்கள். கல்யாண மண்டபத்தில் வைத்த செடிகளுக்குச் சாம்பார் வாளி கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள். இப்படி நிறைய உண்டு. கவிதா எதிர்பார்ப்பது இந்த மாதிரி வேடிக்கைக் கதைகளாக இருக்கலாம். ஆனால் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு மரத்தைப் பற்றி.

கல்லூரி வாசலுக்கு உட்புறம், மதிலை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் நிழல் பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே விழுந்த நிழலில்தான் பேருந்து நிறுத்தம். வாலாஜாபாத் பக்கம் போகும் பிள்ளைகள் எல்லோரும் அதன் கீழே நிற்பார்கள். தேவகி என்ற பெண் அங்கே இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். ஆனி மாதக் காற்றில் ஒரு நாள், தொடை கனத்துக்கு ஒரு கிளை முறிந்து, நிறுத்தியிருந்த பைக்கின் மேல் விழுந்தது. பைக்கில் ஆள் இல்லை. முதல்வர் பயந்துபோனார். இரண்டு நாளில் மரம் எப்படி இருக்கிறது என்று அறிக்கை வேண்டும் என்றார். சார் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

மரத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தூரத்தில் நின்று, எந்தப் பக்கம் கனம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அடியில் மண் விரிந்திருக்கிறதா, வேர் தூக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டையில் காளான் முளைத்திருந்தால் உள்ளே உளுப்பு இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகக் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஒரு சாணுக்கு ஒரு தட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, மார்பு உயரத்தில் ஒரு சுற்று. நல்ல கட்டை கணீரென்று சுருக்கமாகச் சத்தம் கொடுக்கும். பொந்து இருந்தால் பானையைத் தட்டியது போல இழுத்துக்கொண்டு கேட்கும். அந்த இடத்தில் சாக்பீசால் குறித்துவிட்டு, மெல்லிய கம்பியை விட்டு எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும்.

முதலில் வாசல் பக்கம் தட்டினேன். அடியிலிருந்து மார்பு உயரம்வரை ஒரே பானைச் சத்தம். கம்பி முழங்கைவரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது முனையில் ஈரமான பழுப்புத் தூள். தலையை நிமிர்த்திப் பார்த்தால் மேலே இருக்கும் கனம் எல்லாம் பேருந்து நிறுத்தத்தின் பக்கம்.

பின்பக்கம் ஜெனரேட்டர் அறை. யாரோ மகானுபாவர் மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் மட்டும் விட்டுக் கட்டியிருந்தார். அந்த இடுக்கில் குப்பை, அதற்கு மேலே குளவிக் கூடு. கொட்டாப்புளியை ஓங்க இடமில்லை. விட்டுவிட்டேன்.

சாரிடம் போய்ச் சொன்னேன்.

"பின்பக்கம்?" என்றார்.

"இடமில்ல சார். குளவி வேற இருக்குது."

"குளவியப் புகை போட்டு விரட்டலாம். ரூம் கூரை மேல ஏறி, மேல இருந்து கம்பி விட்டுப் பாருங்க. இன்னொரு வாட்டி பாருங்கமா."

மறுநாள் போனேன். ஏணி கேட்டால் எலக்ட்ரீசியன் லீவு. அறைச் சாவி ஒருவரிடம், ஏணி வைத்திருக்கும் அறையின் சாவி இன்னொருவரிடம். வெயில் மண்டையைப் பிளந்தது. முன்பக்கத்தையே இன்னொரு முறை தட்டினேன். அதே சத்தம்தான். பாதி மரம் உளுத்துப்போயிருக்கும்போது மீதியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? இந்த மனுஷன் சாமியே வந்து வரம் கொடுத்தாலும் இன்னொரு வாட்டி பாருங்க என்பார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்தாச்சு சார்."

அறிக்கைப் படிவத்தில் ஒரு வரி இருந்தது. அடிமரம் முழுச் சுற்றும் தட்டிப் பார்க்கப்பட்டதா? நான் 'ஆம்' என்று எழுதினேன். வெட்டிவிட வேண்டும் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் இரண்டு முறை வாசித்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே அவருடையதையும் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் தலை வலிக்கிறது. அனுமதி வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். ஒரு காலை வந்து பார்த்தால் அதே வளாகத்தில் டிகிரி படிக்கும் பிள்ளைகள் நாற்பது பேர் மரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறார்கள். மரத்துக்கு மாலை வேறு. மரம் வெட்டத்தான் உங்களுக்கு டிப்ளமாவா என்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் மைக்கை நீட்டினாள்.

"மேடம், ஒரு மரத்தக் கொல்றதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வருது?"

"நீ இப்போ நிக்கிற பாரு, அந்த எடத்துலதான்மா கிளை விழுந்துச்சு. முதல்ல தள்ளி நில்லு" என்று கத்தினேன். அந்தக் கத்தலை மட்டும் வெட்டி எடுத்து எல்லா போனிலும் பரப்பினார்கள். சண்டே சர்ச்சில்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மண் நிரப்பிய கை இது. எத்தனை ஆயிரம் கன்று வளர்த்திருப்பேன்! எனக்கு மரத்தின் அருமையைப் பற்றிப் பாடம்.

தேவகி மட்டும் நேராகக் கேட்டாள். "நெசமாவே விழுந்துடுமா அக்கா? நெழலு போச்சுன்னா நான் வண்டிய எங்க போடுவேன்?"

"தட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன் தேவகி."

"நீங்க சொன்னா சரிக்கா" என்று அவளே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அனுமதி வந்தது. மரம் வெட்டும் மணி இரண்டு ஆட்களுடன் வந்து, கிளைகளைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார். இரண்டாம் நாள் மதியம் அடிமரத்துக்கு வந்தார்கள். முன்பக்கம் மெஷின் ரம்பம் வெண்ணெயில் போவது போலப் போனது. பாதியில் சத்தம் மாறியது. மணி நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யம்மா, பின்பக்கம் இன்னா இப்படி இருக்குது? வைரம் பாஞ்ச கட்ட. பிளேடே ஏற மாட்டேங்குது."

மரம் விழுந்த பிறகு சார் வந்தார். அடிக்கட்டையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முன்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொந்து, கறுத்து ஈரமாக. பின்னால் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, செம்பழுப்பில் ஒரு கீறல் இல்லாத கட்டை. சார் டேப்பை எடுத்து நான்கு பக்கமும் அளந்தார். திரும்ப அளந்தார். பையன்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள்.

"விழுந்திருக்குமா சார்?" என்று பாபு கேட்டான். அவன் அப்போது சொந்தமாகத் தோட்ட வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தான், உதவிக்கு வந்திருந்தான்.

"சொல்ல முடியாது. மேல கனத்தக் குறைச்சு, ஒரு பக்கம் முட்டுக் குடுத்திருந்தா பத்து வருஷம் நின்னிருக்கலாம். அடுத்த மாசமே விழுந்தும் இருக்கலாம். வெட்டினதுக்கு அப்புறம் யாரு சொல்றது?"

பிறகு என்னைப் பார்த்தார். "பின்பக்கம் தட்டினீங்களாமா?"

அத்தனை பேர் முன்னால். பொய் சொல்லியிருக்கலாம். குளவி இருந்தது, இடுக்கு இருந்தது, தட்டினேன் ஆனால் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. தேவகியின் முகம் ஏனோ அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

"இல்ல சார்" என்றேன்.

அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "உங்க கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்குது. நானும் போய்ப் பார்க்கல" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இருவரும் முதல்வரிடம் போனோம். "போனது போச்சு. மரம் போயிட்டுது, பயமும் போயிட்டுது. இத எதுக்கு ஃபைல்ல போடறீங்க?" என்றார் முதல்வர். சார் கேட்கவில்லை. முழுச் சுற்றும் பார்க்காமல் அறிக்கை கொடுக்கப்பட்டது என்று தன் கையால் எழுதி, அளவுகளையும் சேர்த்து, அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினார். நிர்வாகத்தில் கேள்வி வந்தது. அடுத்த வருடம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். படிப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். தப்பு செய்தவள் நான். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் காரணமாகச் சொல்லலாம். சொன்னால் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போகத் துணிந்தேன். வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தால், பனியனுடன் வீட்டுப் பின்புறத்தில் நிற்கிறார், கையில் அதே மாதிரி ஒரு டியூப்.

"வாங்க வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. பக்கத்து வூட்டுத் தண்ணி இங்க வந்து நிக்குது. எம்பொண்ணுக்குப் பிடிக்கத் தெரியல. அந்த முனையப் பிடிங்க."

"சார், நான் வந்தது..."

"ஆட்டாதீங்க. தண்ணி அடங்கட்டும்."

ஒரு மணி நேரம் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கும்போதெல்லாம் ஓர் அளவு கேட்டார். ஒரு குமிழி வந்துவிட்டது என்று மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பச் சொன்னார். கடைசியில் மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். "ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம், ஒரு சின்ன வாய்க்கால் போட்டாப் போதும்" என்று மகளிடம் சந்தோஷமாகச் சொன்னார். என்னை பஸ் ஸ்டாண்டுவரை வந்து ஏற்றிவிட்டார். நான் சொல்ல வந்ததைச் சொல்லவே விடவில்லை. வேண்டுமென்றே செய்தாரா, நிஜமாகவே தண்ணீர்தான் பெரிதாகப் பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

படிவத்தில் நான் ஒரு வரியைச் சேர்த்தேன். பார்க்க முடியாத பகுதி எது, ஏன்? அதை நிரப்பாமல் வந்த எந்த மாணவருடைய அறிக்கையையும் நான் வாங்கியதில்லை. "எல்லாம் பார்த்தாச்சு மேடம்" என்பார்கள். திருப்பி அனுப்புவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கவிதாவுக்குத் தெரியும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஓரிக்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். மைதானத்து ஓரத்தில் பழைய புளியமரம், அடியில் ஆள் நுழையும் அளவு பொந்து. பெற்றோர்கள் வெட்டச் சொல்கிறார்கள். மூன்று நாள் பார்த்தேன். முழுச் சுற்றும் தட்டினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்காரரிடம் கெஞ்சி அவர் கொல்லையில் நின்று தட்டினேன். வேரைத் தோண்டிப் பார்த்தேன். பொந்தைச் சுற்றி நல்ல கட்டை போதுமான கனத்துக்கு இருந்தது. கிழக்குப் பக்கக் கனத்தைக் குறைக்க வேண்டும், காற்று நாட்களில் பிள்ளைகள் போகாமல் கயிறு கட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதினேன். தலைமையாசிரியை ராஜேஸ்வரி கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"இவ்ளோ எதுக்குமா? விழாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"அப்படி எழுத முடியாது டீச்சர்."

"அப்போ விழும்னு எழுதிக் குடுங்க, வெட்டிடறோம்."

"அதுவும் எழுத முடியாது."

"அப்புறம் நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

நியாயமான கேள்விதான். ஒரு மரத்தைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்றுதான் என்னால் சொல்ல முடியும் என்றேன். அவருக்கு அதில் திருப்தி இல்லை. ஆனாலும் திட்டிக்கொண்டே கிளையைக் குறைத்தார், கயிறும் கட்டினார்.

அன்றிலிருந்து காற்று பலமாக அடித்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வெட்டியதற்கும் வருத்தப்பட்டாயிற்று, விட்டதற்கும் பயந்தாயிற்று. இதற்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு அந்த டீச்சருக்கு போன் செய்வேன். "நிக்குதுமா, நிக்குது. உங்களுக்கு வேற வேல இல்லயா?" என்பார் அவர்.

போன வாரமும் செய்தேன். இந்த முறை அவர் கோபப்படவில்லை.

"ஒரு கிளை விழுந்துட்டுதுமா. கயித்துக்கு அந்தப் பக்கம். பசங்க யாரும் இல்ல."

"எந்தக் கிளை? எந்தப் பக்கம் முறிஞ்சிருக்குது? உள்ள இன்னா கலர்ல இருக்குது?"

"எனக்கு இன்னா தெரியும்? நீங்க வேலையில இருந்தப்பவே ஒண்ணும் உருப்படியா சொல்லல. இப்போ வர்றது யாரு?"

முழங்கால் தேய்ந்துவிட்டது, ஏணி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏணி வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.